பேனட்டில் ஒரு பெயர்... அடியில் யாருடைய கார்? எஸ்யூவி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய 'பிளாட்ஃபார்ம்' கணக்கு!

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஜவுளிக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை எனப் பலரும் ஆல்பத்தைப் புரட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார்கள். அதே முருகன் படம் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியின் பெயரோடு தொங்கும். சாத்தூரில் ஒரு மருந்துக் கடையின் பெயரோடு தொங்கும். இன்னொரு வகையும் உண்டு. மேலே அட்டையும் படமும் வேறு வேறாக இருக்கும். ஆனால் தினமும் கிழிக்கிற தாள் கட்டு ஒன்றுதான். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும்.

இன்றைக்கு இந்தியச் சாலைகளில் ஓடும் எஸ்யூவிகளில் பலவும் இந்த இரண்டு வகைக் காலண்டர் மாதிரிதான். சிலவற்றில் பெயரும் முகமும் மட்டும் வேறு. சிலவற்றில் வெளித்தோற்றம் முழுவதும் வேறு, அடித்தளம் மட்டும் ஒன்று. எந்த அடித்தளத்தில், எந்த இன்ஜினோடு, எந்த ஊர் ஆலையில் அந்தக் கார் உருவாகும் என்பதை, அந்த நிறுவனத்தின் பங்குகள் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சரி, 'கம்பெனியை யார் வாங்கினா நமக்கென்ன, வண்டி நல்லா ஓடினா போதாதா?' என்று கேட்கலாம். 12 லட்சம், 15 லட்சம் கொடுத்து வாங்கும் வண்டிக்கு ஆறாவது வருஷம் ஒரு ஹெட்லைட் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

பிளாட்ஃபார்ம் என்றால் என்ன?

லாரிக்கு சேஸி இருக்கும். அதன் மேல் தனியாக பாடி கட்டுவார்கள். இன்றைய எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றில் அப்படித் தனி சேஸி கிடையாது. அடித்தரையும் பாடியும் ஒன்றாகவே வெல்டிங் செய்யப்படுகின்றன. அந்த அடித்தரை, இன்ஜினைத் தாங்கும் முன்பகுதி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஸ்டீயரிங் அமைப்பு, மோதும்போது அடியை வாங்கிக்கொள்ளும் இரும்புச் சட்டங்கள், வயரிங் அமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்ஃபார்ம்.

கார் தயாரிப்பில் செலவும் நேரமும் அதிகம் பிடிப்பது இந்தப் பகுதிதான். கதவின் வளைவையும் விளக்கின் வடிவத்தையும் மாற்றுவது ஒப்பீட்டளவில் சுலபம். ஆனால் அடித்தளத்தை மாற்றினால் மோதல் சோதனை முதல் ஆலையில் வெல்டிங் ரோபோக்களின் அமைப்பு வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால்தான் ஒரு பிளாட்ஃபார்மை உருவாக்கிவிட்டால் அதன் மேல் மூன்று, நான்கு வண்டிகளை இறக்கிப் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள்.

ஒரகடம் சொல்லும் கதை

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் உதாரணமே போதும். காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் இருக்கும் ரெனால்ட் - நிசான் ஆலை அது.

கதை 1999-ல் தொடங்குகிறது. கடனில் தத்தளித்த ஜப்பானின் நிசானில் 36.8 சதவீதப் பங்குகளை பிரான்ஸின் ரெனால்ட் அந்த ஆண்டு மார்ச் மாதம் வாங்கியது. அதே 1999-ல் ருமேனியாவின் டேசியா நிறுவனத்தையும் ரெனால்ட் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. குறைந்த விலையில், மோசமான சாலைகளையும் தாங்கும் கார் என்பதுதான் டேசியாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அப்படி 2004-ல் வந்தது லோகன். அந்த லோகனின் அடித்தளத்தை வைத்து உருவான எஸ்யூவிதான் 2010-ல் ஐரோப்பாவில் அறிமுகமான டஸ்டர்.

லோகன் இந்தியாவுக்கு வந்தது 2007-ல். மஹிந்திராவும் ரெனால்ட்டும் கூட்டு சேர்ந்து அதை நாசிக்கில் தயாரித்தன. 2010-ல் கூட்டு உடைந்தது. கார் மஹிந்திரா கைக்குப் போய், 2011-ல் 'வெரிட்டோ' என்று பெயர் மாறியது. உள்ளே இருந்தது அதே லோகன்தான். காலண்டரில் கடைப் பெயரை மாற்றி அடித்த கதை!

இதற்கிடையே ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. முதலில் வந்தது நிசான் மைக்ரா. 2012 ஜூலையில் ரெனால்ட் டஸ்டர் விற்பனைக்கு வந்தது. பெரிய எஸ்யூவி வாங்க வசதி இல்லாத, ஆனால் சாதாரணக் காரில் திருப்தி இல்லாத வாடிக்கையாளர்களுக்கு அது புது வழியைக் காட்டியது. அடுத்த ஆண்டே அதே ஆலையில், அதே அடித்தளத்தில், அதே 1.5 லிட்டர் டீசல் இன்ஜினோடு நிசான் டெரானோ வந்தது. முன்பக்க கிரில், விளக்குகள், டேஷ்போர்டு ஆகியவற்றில் மாற்றங்கள். விலை டஸ்டரைவிடக் கூடுதல்.

ரெனால்ட்டிடம் நிசானின் பங்குகள் இல்லாமல் போயிருந்தால், டேசியாவை அது வாங்காமல் இருந்திருந்தால், ஒரகடத்தில் டெரானோ என்ற வண்டியே உருவாகியிருக்காது.

நல்லா போன டஸ்டர் ஏன் நின்றது?

இங்கேதான் பங்குக் கணக்கின் இன்னொரு பக்கம் தெரிகிறது. உலகச் சந்தையில் 2017-ல் இரண்டாம் தலைமுறை டஸ்டர் அறிமுகமானது. இந்தியாவுக்கு அது வரவில்லை. இங்கே முதல் தலைமுறை வண்டியையே அவ்வப்போது முகத்தை மாற்றி விற்றார்கள். 2018 நவம்பரில் ரெனால்ட் - நிசான் கூட்டணியின் தலைவர் கார்லோஸ் கோன் டோக்கியோவில் கைது செய்யப்பட்டார். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான உறவே ஆட்டம் கண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது டீசல் இன்ஜினும் போனது. போட்டியாளர்கள் புதுப்புது மாடல்களை இறக்கிய அந்த நேரத்தில் டஸ்டர் பழையதாகிக்கொண்டே வந்து 2022-ல் விடைபெற்றது.

அதே சமயம் சிறிய பிளாட்ஃபார்ம் ஒன்று ஆலையைக் காப்பாற்றியது. சி.எம்.எஃப்-ஏ பிளஸ் என்று அதற்குப் பெயர். 2019-ல் ஏழு பேர் உட்காரும் ரெனால்ட் ட்ரைபர், 2020 டிசம்பரில் நிசான் மேக்னைட், 2021-ல் ரெனால்ட் கைகர் என மூன்று வண்டிகள் அதிலிருந்து வந்தன. மேக்னைட்டையும் கைகரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் உறவு என்று சட்டெனத் தெரியாது. அட்டை வேறு, தாள் கட்டு ஒன்று!

2025-ல் ஒரகடத்தில் என்ன மாறியது?

ஆரம்பத்தில் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு 70 சதவீதம், ரெனால்ட்டுக்கு 30 சதவீதம் பங்கு இருந்தது. 2023 பிப்ரவரியில் இதை 51 - 49 என மாற்றப்போவதாகவும், சுமார் 5,300 கோடி ரூபாய் முதலீட்டில் ஆறு புதிய வண்டிகள் வரும் என்றும் சென்னையில் அறிவித்தார்கள். ஆனால் நிசானின் நிதி நிலைமை மோசமானது. ஹோண்டாவோடு இணையும் பேச்சு 2024 டிசம்பரில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் முறிந்தது. அடுத்த மாதம், மார்ச் 31 அன்று, ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருக்கும் 51 சதவீதப் பங்கையும் வாங்கிக்கொள்வதாக ரெனால்ட் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஆலை முழுக்க ரெனால்ட் கைக்கு வந்தது.

அப்படியானால் மேக்னைட் நின்றுவிடுமா? இல்லை. ஒப்பந்தப்படி நிசான் வண்டிகளை ரெனால்ட் தொடர்ந்து அதே ஆலையில் தயாரித்துக் கொடுக்கிறது. உள்நாட்டுக்கு மட்டுமல்லாமல் ஏற்றுமதிக்கும் மேக்னைட் இங்கிருந்துதான் போகிறது. டஸ்டரையும் மீண்டும் கொண்டு வருவதாக ரெனால்ட் அறிவித்தது. 2025 அக்டோபரில், 'டெக்டான்' என்ற எஸ்யூவியை ஒரகடத்திலேயே தயாரிக்கப்போவதாக நிசானும் சொன்னது. டஸ்டர் - டெரானோ ஜோடியின் இடத்தில் இப்போது டஸ்டர் - டெக்டான் ஜோடி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்பு நிசான் அந்த ஆலையின் பெரிய பங்குதாரர். இனி அது வாடிக்கையாளர். பட்டாசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சொந்த ஃபேக்டரியில் சரக்குப் போடுவது வேறு. இன்னொருவர் ஃபேக்டரியில் போடச் சொல்லி நம்ம லேபிள் ஒட்டி வாங்குவது வேறு. எவ்வளவு போட வேண்டும், எதை முதலில் போட வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை ஃபேக்டரிக்காரருடையதாக இருக்கும்.

மற்ற எஸ்யூவிகளின் கதை என்ன?

ஹூண்டாய் - கியா: 1997-ல் தென் கொரியாவின் கியா திவால் நிலைக்குப் போனது. அடுத்த ஆண்டு அதை ஹூண்டாய் வாங்கியது. அதன் பலனை 20 ஆண்டுகளுக்குப் பிறகு நாம் பார்த்தோம். 2019-ல் ஆந்திராவின் அனந்தபூர் ஆலையில் இருந்து கியா செல்டோஸ் வந்தது. 2020-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் ஆலையில் இருந்து இரண்டாம் தலைமுறை க்ரெட்டா வந்தது. இரண்டுக்கும் அடித்தளமும் இன்ஜின்களும் பொது. ஷோரூமில் மட்டும் எதிரிகள்!

டாடா - லேண்ட் ரோவர்: ஃபோர்டிடம் இருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா மோட்டார்ஸ் 2008-ல் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. லேண்ட் ரோவரின் டி8 அடித்தளத்தில் இருந்து இந்திய விலைக்கு ஏற்ப உருவாக்கியதுதான் 2019-ல் வந்த டாடா ஹாரியரின் பிளாட்ஃபார்ம். ஆனால் இன்ஜின் லேண்ட் ரோவருடையது கிடையாது. ஃபியட்டின் 2 லிட்டர் டீசல் அது. இதே இன்ஜின் குடும்பம்தான் ஜீப் காம்பஸிலும், எம்.ஜி. ஹெக்டரிலும் இருந்தது. ஒரு இன்ஜின், மூன்று பெயர்ப்பலகைகள். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் திட்டத்தில் டாடா, ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளுக்கான ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டதும் அந்த 2008 கொள்முதலின் தொடர்ச்சிதான்.

மாருதி - டொயோட்டா: இங்கே யாரும் யாரையும் முழுசாக வாங்கவில்லை. 2019-ல் டொயோட்டா, சுசூகியில் சுமார் 5 சதவீதப் பங்கு வாங்குவதாக அறிவித்தது. 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் வந்தன. அடித்தளம் சுசூகியுடையது. மைல்டு ஹைப்ரிட் இன்ஜின் சுசூகியுடையது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் டொயோட்டாவுடையது. இரண்டையும் தயாரித்தது கர்நாடகாவின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலை.

எம்.ஜி. ஹெக்டர்: பிரிட்டிஷ் பெயர்தான். ஆனால் உரிமை சீனாவின் சாயிக் நிறுவனத்திடம் இருக்கிறது. குஜராத்தின் ஹலோலில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையை 2017-ல் வாங்கி, சீனாவில் விற்ற பாவோஜுன் 530 என்ற வண்டியை அடிப்படையாக வைத்து 2019-ல் ஹெக்டரை இறக்கினார்கள். பின்னர் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 35 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது.

முதலாளி போனாலும் வண்டி பிழைக்குமா?

பிழைக்கும், சில சமயம். இதற்கு மஹிந்திராவே சாட்சி. தென் கொரியாவின் சாங்யாங் நிறுவனத்தில் 70 சதவீதப் பங்கை 2011-ல் மஹிந்திரா வாங்கியது. அதன் வழியாக இந்தியாவுக்கு வந்த எஸ்யூவிகளில் இரண்டைப் பார்ப்போம். சாங்யாங் டிவோலியின் அடித்தளத்தில் இருந்து எக்ஸ்.யூ.வி. 300 உருவானது. சாங்யாங் ரெக்ஸ்டன், அல்டுராஸ் ஜி4 என்ற பெயரில் வந்தது.

2020 டிசம்பரில் சாங்யாங் மீண்டும் திவால் நிலைக்குப் போனது. 2022-ல் கொரியாவின் கே.ஜி. குழுமம் அதை எடுத்துக்கொண்டது. மஹிந்திராவின் பிடி போனது. இரண்டு வண்டிகளுக்கும் என்ன ஆனது?

எக்ஸ்.யூ.வி. 300 இங்கேயே, உள்ளூர் உதிரிபாகங்களோடு தயாரிக்கப்பட்ட வண்டி. அது பிழைத்தது. 2024-ல் எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. என்ற பெயரில் அதே அடித்தளத்தில் புது அவதாரம் எடுத்தது. அல்டுராஸ், கொரியாவில் இருந்து பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்பட்ட வண்டி. அது 2022-லேயே விற்பனையில் இருந்து போய்விட்டது.

ஒரே முதலாளி, ஒரே கூட்டாளி, இரண்டு தலையெழுத்து. உதிரிபாகம் எங்கே தயாராகிறது என்பதுதான் வித்தியாசம்.

ஃபோர்டு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்

2013-ல் மறைமலை நகர் ஆலையில் இருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளுக்குப் பாதை போட்ட வண்டி. அமெரிக்காவுக்கே இங்கிருந்து ஏற்றுமதியானது. 2019 அக்டோபரில் ஃபோர்டும் மஹிந்திராவும் கூட்டு நிறுவனம் தொடங்குவதாக அறிவித்தன. 2020-ன் கடைசி நாளில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 நடுவில் மறைமலை நகரில் தொழிலாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த தென் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போகிற பகுதி அது. ஒரு பங்கு ஒப்பந்தம் முறிந்தால் அதன் சத்தம் இங்கேயும் கேட்கும்.

சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. ஆனால் விற்பனை நின்றால் டீலர்கள் குறைவார்கள். சென்னையில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டர் மிஞ்சும். இல்லையென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. சிவகாசிக்காரர் ஒரு சென்சார் மாற்ற மதுரை வரை 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால், அதற்கு ஒரு நாள் பிழைப்பு போகும். தீபாவளி சீசன் நேரத்தில் வண்டி ஒரு வாரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது அந்த ஊர் வியாபாரிகளுக்குத் தெரியும்.

(ஃபோர்டு இப்போது மறைமலை நகருக்குத் திரும்புகிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அது இன்ஜின் தயாரிப்புக்கு. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம்.)

உறவுக்கார வண்டிக்கு வரும் வியாதி

பிளாட்ஃபார்மைப் பகிர்ந்தால் நல்லது மட்டும் பகிரப்படாது, குறையும் பகிரப்படும். 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்து மாற்ற மாருதி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் கிராண்ட் விட்டாராவும் உண்டு. உடனே டொயோட்டாவும் கிளான்சா, ஹைரைடர் வண்டிகள் 1,390-ஐ அழைத்தது. உங்கள் வண்டியின் 'அண்ணன் தம்பி' மாடலுக்கு ரீகால் என்று செய்தி வந்தால், உங்கள் வண்டி எண்ணையும் டீலரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

நல்ல பக்கமும் இருக்கிறது. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகூனும் ஒரே அடித்தளத்தில் புனே பக்கத்து சாக்கனில் தயாராகின்றன. 2022-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டும் சேர்ந்தே ஐந்து நட்சத்திரம் வாங்கின. பல பாகங்கள் பொது என்பதால், ஒரு பெயரில் விற்பனை குறைந்தாலும் இன்னொரு பெயரின் விற்பனையால் ஸ்பேர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

புக்கிங் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த வண்டிக்கு உறவுக்கார மாடல் எது? இருந்தால் அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே இன்ஜின் என்றாலும் சஸ்பென்ஷன், வசதிகள், விலை, வாரண்டி மாறும்.

2. எந்த ஆலையில் தயாராகிறது? அந்த ஆலை யாருடையது? இன்னொருவர் தயாரித்துக் கொடுக்கும் வண்டியா?

3. இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளூர்த் தயாரிப்பா, வெளிநாட்டில் இருந்து பாகங்களாக வருகிறதா? அல்டுராஸ் பாடத்தை மறக்க வேண்டாம்.

4. பக்கத்து சர்வீஸ் சென்டர் எங்கே? விருதுநகரிலோ சிவகாசியிலோ இல்லையென்றால் மதுரைக்குப் போகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பம்பர், ஹெட்லைட் இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அடித்தளத்துப் பாகம் உறவுக்கார வண்டியில் இருந்து கிடைக்கும். முகத்துப் பாகம் அந்தப் பெயருக்கு மட்டுமே உரியது.

5. நிறுவனத்தில் பங்கு மாற்றம், இணைப்புப் பேச்சு நடக்கிறதா? நடந்தால் வாங்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. புது முதலாளி புது முதலீடு கொண்டு வரவும் செய்வார். ஆனால் தள்ளுபடி பெரிதாக இருந்தால், ஏன் இவ்வளவு தள்ளுபடி என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

காலண்டர் வாங்கும்போது படத்தைப் பார்க்கிறோம். வருஷம் முழுக்கப் பயன்படுவது என்னவோ தாள் கட்டுதான். முகூர்த்த நாள் தப்பாக அச்சாகியிருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. காலண்டரையாவது அடுத்த தையில் மாற்றிவிடலாம். எஸ்யூவிக்கு ஐந்து, ஏழு வருஷம் தவணை கட்ட வேண்டும்!